வருமான வரியைக் கொண்டுவந்த தொப்பி வியாபாரி

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் சம்பளக்காரர்கள் வருமான வரிப் பாரத்தை நிரப்பப் பரபரப்பாகி விடுகிறார்கள். மாதச் சம்பளம் வாங்குபவனிடம் கையில் காசு சேருமுன்பே பிடித்துக்கொள்கிறார்கள், பெரிய பணக்காரர்கள் எப்படியோ நழுவி விடுகிறார்கள் என்ற முணுமுணுப்பும் அப்போது எழுவதுண்டு. அந்த முணுமுணுப்புக்கு வயது 160க்கும் மேல். தோட்டப்புறத் தமிழர்களின் பாட்டன் பூட்டன்மார் மதராஸ் மாகாணத்துக் கிராமங்களில் இருந்த காலத்திலேயே, 1860ஆம் ஆண்டில், இதே சண்டை அங்கே பெரிதாக நடந்தது. சண்டைக்குக் காரணமான மனிதர் ஜேம்ஸ் வில்சன்.

பெயர் பலருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் தொடங்கிய வங்கியைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் ஒரு பாதியான சார்ட்டர்ட் வங்கி அவர் கையால் பிறந்தது. உலகம் முழுவதும் படிக்கப்படும் எக்கனாமிஸ்ட் ஏடும் அவர் தொடங்கியதே.

வில்சன் பரம்பரைப் பிரபு அல்ல. 1805ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் ஸ்காட்லாந்தின் ஹாவிக் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கம்பளி ஆலை நடத்தியவர். பதினைந்து பிள்ளைகளில் ஜேம்ஸ் நான்காமவர். குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. எளிமை, கடன் நாணயம் இரண்டிலும் கண்டிப்பானவர்கள் அவர்கள். பையனை ஆசிரியராக்கப் பார்த்தார்கள். அந்த வேலையைவிட அப்பாவின் ஆலையில் கடைநிலைச் சிப்பந்தியாக இருப்பதே மேல் என்று எழுதிவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். பதினாறு வயதில் உள்ளூரில் தொப்பி செய்பவரிடம் தொழில் கற்கச் சேர்ந்தான். பிறகு தந்தை அந்தத் தொழிலையே விலைக்கு வாங்கி, அவனிடமும் அண்ணனிடமும் ஒப்படைத்தார். 1824ஆம் ஆண்டு சகோதரர்கள் லண்டனுக்குப் போய்க் கடை போட்டார்கள். தொப்பி வியாபாரம் நன்றாகவே நடந்தது. முப்பது வயதைத் தாண்டியபோது வில்சனிடம் சுமார் 25,000 பவுன் சொத்து இருந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரும் பணம்.

அதை அவர் இழந்த விதம்தான் வேடிக்கை. வங்காளத்து உழவர்கள் விளைவித்த அவுரியிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்தின் விலை ஏறும் என்று நம்பி, பணத்தைக் கொண்டுபோய் அதில் போட்டார். 1837ஆம் ஆண்டு வந்த வணிக நெருக்கடியில் விலை சரிந்தது. பெரும்பாலானவை போய்விட்டன. ஆனால் திவால் என்று கைவிரிக்கவில்லை. சொத்துகளைக் கொடுத்துக் கடன்காரர்களைச் சரிக்கட்டினார். கொடுத்த சொத்து ஒன்று மதிப்பிட்ட விலைக்குப் போகவில்லை என்று பின்னால் தெரிய வந்தபோது, யாரும் கேட்காமலே மிச்சத்தைக் கட்டினார். வில்சன் மேல் எத்தனையோ குறை சொல்லலாம், இந்த ஒன்றில் மட்டும் குறை சொல்ல இடமில்லை.

கடையில் அடிபட்ட மனிதர் பேனாவைக் கையில் எடுத்தார். அப்போது இங்கிலாந்தில் தானியச் சட்டம் என்று ஒன்று இருந்தது. வெளிநாட்டுக் கோதுமை மலிவாக உள்ளே வராதபடி வரி போட்டு, நிலப்பிரபுக்களின் கோதுமைக்கு நல்ல விலை கிடைக்கச் செய்த சட்டம் அது. ரொட்டி விலை ஏறியது. ஏறிய விலையைக் கொடுத்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். நம்மூரில் அரிசிக்கு வரி போட்டால் எந்த வீட்டு உலை முதலில் சுருங்கும் என்று நினைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். வில்சன் 1839ஆம் ஆண்டு இந்தச் சட்டத்தை எதிர்த்துச் சிறு நூல் எழுதினார். 1843ஆம் ஆண்டு எக்கனாமிஸ்ட் ஏட்டைத் தொடங்கியதும் அதற்காகத்தான். ஆரம்ப நாட்களில் ஏட்டின் பெரும்பகுதியை அவரே எழுதினார். 1846ஆம் ஆண்டு தானியச் சட்டம் நீக்கப்பட்டது.

அதே காலத்தில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானோர் மாண்டனர். அரசாங்கம் சோறு போடக் கூடாது, சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்ற கொள்கையில் வில்சனின் ஏடு உறுதியாக நின்றது. லண்டன் நிதித்துறையில் அந்தப் பஞ்ச நிவாரணத்தைக் கையில் வைத்திருந்த உயர் அதிகாரி சார்லஸ் டிரெவிலியன். அவரும் அதே கொள்கைக்காரர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், மதராஸில் மறுபடியும் வருவார்.

1847ஆம் ஆண்டு வில்சன் நாடாளுமன்றம் புகுந்தார். 1853 முதல் 1858 வரை நிதித்துறையின் அரசியல் செயலாளராக இருந்தார். டிரெவிலியனும் அதே துறையில் இருந்ததால் இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். 1856ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உள்நாட்டு வரி வாரியத் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு நாட்டுக்கே வரி போட வேண்டிய வேலை பின்னால் காத்திருந்ததை அப்போது அவர் அறியவில்லை.

சார்ட்டர்ட் வங்கிக்கு 1853ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் உரிமைப் பட்டயம் கிடைத்தது. 1858ஆம் ஆண்டு கல்கத்தாவிலும் பம்பாயிலும், 1859ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் கிளைகள் திறக்கப்பட்டன. பினாங்குக்கு 1875ஆம் ஆண்டும், கோலாலம்பூருக்கு 1888ஆம் ஆண்டும் வந்தது. டத்தாரான் மெர்டேக்கா பக்கம் போகிறவர்கள் பழைய சார்ட்டர்ட் வங்கிக் கட்டடத்தை இன்றும் பார்க்கலாம்.

1857ஆம் ஆண்டு இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சியை அடக்கக் கப்பல் கப்பலாகப் படை வந்தது. கம்பெனி ஆட்சி போய் மகாராணி ஆட்சி வந்தது. செலவுக் கணக்கு மட்டும் இந்தியாவின் தலையில் எழுதப்பட்டது. மூன்று ஆண்டுகளில் பற்றாக்குறை சுமார் 3 கோடி பவுனை எட்டியது. அடக்கியவன் செய்த செலவை அடங்கியவன் கட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. இந்தக் கணக்கைச் சரிசெய்ய லண்டன் அனுப்பிய ஆள் வில்சன். 1859ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் கால் வைத்தார். வயது 54.

அவர் வந்தபோது இந்தியாவில் வரி கட்டியவர்கள் யார்? அரசாங்க வருமானத்தில் ஏறக்குறைய பாதி நிலவரியாக வந்தது. அது உழவன் பணம். அடுத்து அபின். அதற்கடுத்து உப்பு. உப்பு வரி கூழ் குடிப்பவனையும் விடாது. மதராஸ் மாகாணத்தில் தறிக்கும் சிறு கடைக்கும் கைத்தொழிலுக்கும் மொத்தர்பா என்ற வரி வேறு இருந்தது. நெசவாளி தறிக்கு வரி கட்டினான். அவன் நெய்த துணியை ஏற்றுமதி செய்த பெரிய வணிகரிடமும், மாதம் ஆயிரம் இரண்டாயிரம் சம்பளம் வாங்கிய வெள்ளைக்கார அதிகாரியிடமும், கல்கத்தா வக்கீலிடமும் அரசாங்கம் பெரிதாக எதையும் கேட்கவில்லை.

வில்சன் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு கல்கத்தா சட்ட மன்றத்தில் வேறொரு மசோதா வந்திருந்தது. தொழில் செய்பவர்களும் வணிகர்களும் லைசென்ஸ் எடுத்து வரி கட்ட வேண்டும் என்றது அது. அரசாங்க அதிகாரிகளுக்கு மட்டும் விலக்கு! சட்டம் எழுதியவர்களே தங்களை விட்டுவிட்டு ஊருக்கு வரி போட்டதைக் கண்டு வணிகர்கள் கொதித்தார்கள். அந்த மசோதா ஓரம் கட்டப்பட்டது.

1860ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் வில்சன் தமது வரவு செலவுத் திட்டத்தைப் படித்தார். இதுவரை கட்டாதவர் யார் என்று பார்த்து அவர்களிடம் கேட்பதே நியாயம் என்பது அவர் வாதத்தின் சாரம். அதிகாரிக்கும் வணிகருக்கும் நிலப்பிரபுவுக்கும், வெள்ளையருக்கும் இந்தியருக்கும் ஒரே வரி என்றார். வணிக இலாபத்தில் அரசன் பங்கு கேட்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல என்று காட்ட மனுதர்மத்தையே மேற்கோள் காட்டினார். தொப்பிக் கடைக்காரருக்கு மனு எங்கிருந்து கிடைத்தார் என்று கல்கத்தாவாசிகள் வியந்திருக்கக் கூடும்.

வங்காள ஜமீன்தார்கள் எதிர்த்தார்கள். 1793ஆம் ஆண்டு நிலவரியை நிரந்தரமாக நிர்ணயித்து, இனி ஏற்ற மாட்டோம் என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கைக் காட்டித் தங்களுக்கு விலக்கு வேண்டும் என்றார்கள். வாக்குக் கொடுத்தது நிலத்தின் மீதான வரிக்கு, இது எல்லார் வருமானத்தின் மீதும் போடும் வரி, ஆகவே விலக்கு இல்லை என்று வில்சன் சொல்லிவிட்டார். அந்த உறுதியைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் நியாயம் எங்கே ஓட்டை விழுந்தது என்பது தெரியும்.

ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் கீழே சம்பாதிப்பவருக்கு வரி இல்லை. 200 முதல் 500 வரை 2 விழுக்காடு. 500க்கு மேல் 4 விழுக்காடு, அதில் ஒரு விழுக்காடு உள்ளூர்ப் பொதுப்பணிக்கு. 200 ரூபாய் என்றால் மாதம் பதினாறு பதினேழு ரூபாய். கூலியாட்களுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் மளிகைக் கடைக்காரர், கச்சேரி குமாஸ்தா, சிறு தரகர் எல்லாரும் வலைக்குள் விழுந்தார்கள். மேலே போனால் வலை விரிவதில்லை. 600 ரூபாய்க்காரருக்கும் 4 விழுக்காடு, 60,000 ரூபாய்க்காரருக்கும் அதே 4 விழுக்காடு.

இன்னொன்று. படை அதிகாரிகளுக்கும் போலீஸ் அதிகாரிகளுக்கும் ஆண்டுச் சம்பளம் 4,980 ரூபாய் வரை வரி கிடையாது. மாதம் 415 ரூபாய் வாங்கும் படை அதிகாரி ஒரு காசு கட்ட வேண்டாம். மாதம் 17 ரூபாய் சம்பாதிக்கும் கடைக்காரர் ஆண்டுக்கு நான்கு ரூபாய் கட்ட வேண்டும். படைச் செலவுக்காகவே பிறந்த வரி, படைக்காரரை விட்டுவிட்டது. எல்லாருக்கும் ஒரே வரி என்று சொன்னவரின் சட்டத்தில் இது எப்படி நுழைந்தது என்றால், கிளர்ச்சி முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. துப்பாக்கி வைத்திருப்பவரிடம் வரி கேட்க அரசாங்கத்துக்குத் தயக்கம் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் மதராஸிலிருந்து குரல் கிளம்பியது. டிரெவிலியன் அப்போது மதராஸ் கவர்னர். பதவிக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஊரில் நல்ல பெயர். இன்றைய சென்னை சென்ட்ரல் பக்கத்தில் மக்களுக்காகப் பெரிய பூங்கா அமைத்தவர் அவர். மதராஸ் உழவன் ஏற்கெனவே தாங்க முடியாத நிலவரி கட்டுகிறான், இங்கிலாந்துக்குப் பொருந்தும் வரி இங்கே பொருந்தாது, வீடு வீடாக வருமானம் விசாரிக்கப் போகிற கீழ்மட்டச் சிப்பந்திகள் லஞ்சத்துக்கு வழி தேடுவார்கள், புதிய வரி போடுவதற்குப் பதிலாகப் படையைக் குறையுங்கள் என்பது அவர் வாதம். கடைசி வாதம் நேராக ஆணிவேரிலேயே வெட்டியது.

இதை அவர் இரகசியக் கடிதமாக எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. மார்ச் 20ஆம் நாள் எழுதிய குறிப்பைப் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டார். மாகாண கவர்னர் ஒருவர் மத்திய அரசாங்கத்தை ஊரறியத் தாக்கினார் என்ற செய்தி லண்டனை உலுக்கியது. சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்பதை யாரும் பெரிதாக ஆராயவில்லை. மே மாதம் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அவருக்குப் பதிலாக இலங்கையில் கவர்னராக இருந்த ஹென்றி வார்டு மதராஸ் வந்தார். வந்த சில வாரங்களில், ஆகஸ்ட் 2ஆம் நாள், காலராவில் இறந்தார்.

வரிச் சண்டையின் அலை இந்தக் கரையையும் தொட்டது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் அப்போது கல்கத்தாவின் ஆட்சியில் இருந்தன. 1867ஆம் ஆண்டுதான் அவை தனியாகப் பிரிந்தன. 1860ஆம் ஆண்டு இங்கேயும் வருமான வரி கொண்டுவரும் முயற்சி நடந்தது. சிங்கப்பூர் வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். முயற்சி கைவிடப்பட்டது. துறைமுகத்தில் இறக்குமதி வரியும் கிடையாது, வருமான வரியும் கிடையாது என்றால் அரசாங்கம் எதில் ஓடியது? அபின் குத்தகையிலும் சாராயக் குத்தகையிலும். கள்ளுக்கும் குத்தகை இருந்தது. மூட்டை தூக்கியவனும் காடு வெட்டியவனும் உடல் வலிக்கு இழுத்த புகையிலும் குடித்த குடியிலும் சாலை போட்டார்கள், அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பெரிய வணிகர்கள் வருமான வரியிலிருந்து தப்பியதை வெற்றியாகக் கொண்டாடினார்கள். இந்தக் கரையில் வருமான வரி நிலையாக வந்தது 1948ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் தள்ளிப் போனது.

கல்கத்தாவில் வில்சன் ஓயாமல் உழைத்தார். 259 பிரிவுகள் கொண்ட சட்டம் ஒவ்வொரு பிரிவாகச் சட்ட மன்றத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. கூடவே அரசாங்கமே தாள் பணம் அச்சிடும் திட்டத்தையும் தயாரித்தார். வெயில் கொடுமையாக இருந்தது. மலைப்பகுதிக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார்கள், வேலை முடியட்டும் என்றார். 1860ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வந்தது. இந்தியாவில் இன்றும் அந்த நாளை வருமான வரி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அப்போதே அவருக்குச் சீதபேதி பிடித்திருந்தது. ஆகஸ்ட் 11ஆம் நாள் உயிர் போனது. இந்தியாவில் அவர் இருந்தது எட்டரை மாதங்கள்தான். கிடைத்த வரியை எண்ணிப் பார்க்கக் கூட அவருக்கு நேரமில்லை.

எண்ணிப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். வரி கட்டியவர்களில் பெரும்பாலோர் 200 முதல் 500 வரை சம்பாதித்த சிறு மனிதர்கள். அவர்களிடமிருந்து வந்த பணமோ சொற்பம். கேட்டுப் பெற ஆன தொல்லையும், இடையில் சிப்பந்திகள் பிடுங்கியதும் அதிகம். டிரெவிலியன் பயந்தது இதைத்தான். 1862ஆம் ஆண்டு 500 ரூபாய்க்குக் கீழே உள்ளவர்களை முழுவதுமாக விட்டுவிட்டார்கள். மறு ஆண்டு 4 விழுக்காட்டை 3 ஆகக் குறைத்தார்கள்.

இதற்கிடையில் ஒரு விசித்திரம் நடந்தது. மதராஸிலிருந்து அவமானத்தோடு திரும்பிய டிரெவிலியனை, வில்சன் உட்கார்ந்த அதே நிதி உறுப்பினர் நாற்காலிக்கே லண்டன் அனுப்பி வைத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு என்று எழுதப்பட்ட வில்சனின் சட்டம் 1865ஆம் ஆண்டு காலாவதியாகும் நேரம் நெருங்கியபோது நிதியைக் கையில் வைத்திருந்தவர் அவர்தான். சட்டத்தை அவர் நீட்டிக்கவில்லை.

ஆனால் வரி போன இடம் தெரியாமல் போய்விடவில்லை. லைசென்ஸ் வரி என்றும் சான்றிதழ் வரி என்றும் வேறு வேறு பெயரில் வந்து போனது. 1886ஆம் ஆண்டு நிலையான வருமான வரிச் சட்டம் வந்தபோது விவசாய வருமானத்துக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. ஏழை உழவனுக்கு அது நிழல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே நிழலில் பெரிய ஜமீன்தார்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அசாம் தேயிலைத் தோட்ட முதலாளிகளும் நெடுங்காலம் அங்கேயே இருந்தார்கள். தோட்டத்துக் கூலி உப்புக்கு வரி கட்டினான். நிலப்பிரபுவும் கட்டட்டும் என்று வில்சன் பிடிவாதமாக நின்ற இடம் அது. அந்த விலக்கு இந்தியாவில் இன்னும் தொடர்கிறது.

வில்சனை அடக்கம் செய்த நாளில் கல்கத்தாவே திரண்டு வந்தது. பிறகு ஊர் அவரை மறந்துவிட்டது. கல்லறை எங்கே இருக்கிறது என்பதே பல காலம் யாருக்கும் தெரியாமல் போனது. 2007ஆம் ஆண்டு, வருமான வரியின் வரலாற்றை எழுத முனைந்த வரித்துறை அதிகாரி ஒருவர் கொல்கத்தாவின் மல்லிக் பஜார் இடுகாட்டில் தேடி அதைக் கண்டுபிடித்தார். கல்லறையைச் செப்பனிட்டுச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார்கள்.